மேட்டில் நின்ற வண்டி

கற்பதற்கு வயது ஒரு தடையன்று என்று மாணவர்களுக்குச் சொல்வது எளிது. சொல்கின்றவரே ஒருநாள் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மாணவராய்ப் போய் அமரும்போதுதான் அந்தச் சொற்களின் கனம் விளங்கும். பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்கு அது தமது 51-ஆம் வயதில் விளங்கியது.

அதுவரை அவருக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். விடிந்ததும் மனைவியைப் பழைய புரோட்டோன் காரில் அழைத்துச் சென்று பள்ளி வாயிலில் இறக்கிவிட்டுத்தான் தம் வேலைக்குப் போவார். "நீங்களும் ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள் அம்மா" என்று மகள் சொன்ன போதெல்லாம், "நான் ஒருவன் இருக்கும்போது அவளுக்கு எதற்கு?" என்று அவரே முந்திக்கொண்டு பதில் சொல்வார். அதில் அன்பும் இருந்தது, பெருமையும் இருந்தது.

நீண்டநாள் நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது. வாரத்திற்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 4 மணி நேரம், தெலுக் இந்தானில் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. உடம்பில் தேங்கிய நீரை இயந்திரம் இழுத்தெடுத்த பிறகு இரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும், கைகால் தளரும். ஆயினும் முதல் சில வாரங்கள் அவரே காரை ஓட்டிச் சென்று வந்தார். ஒருநாள் மாலை, திரும்பும் வழியில், வண்டி சாலையை விட்டு விலகிப் புல்லில் இறங்கிக் கால்வாயின் விளிம்பில் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. வீடு வந்ததும் சாவியைச் சாமிமாடத்தின் ஓரத்தில் வைத்தார். அதன்பின் அதை அவர் தொடவில்லை.

அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். அடுத்த வீட்டுப் பையன் அழைத்துச் சென்றான். பள்ளித் தோழி ஒருவரும் உதவினார். ஆனால் வாரத்திற்கு 3 நாள் என்பது ஆண்டுக்கு 156 நாள். ஒருநாள் உதவ ஊரே வரும். 156 நாளும் வருவதற்கு வீட்டார்தாம் வேண்டும். ஆசிரியை எவரிடமும் கலந்து பேசவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் ஓட்டுநர் பயிற்சிக் கழகத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு வந்தார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் சம்மதமா, வருத்தமா என்று அவருக்குத் தெரியவில்லை.

விதிமுறைகளைக் கற்பிக்கும் முதல்நாள் வகுப்பில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "டீச்சர், நீங்களுமா?" என்றது. அவரிடம் படித்த பையன். லகர, ளகர, ழகர வேறுபாடு கடைசிவரை பிடிபடாதவன். "இத்தனை முறை சொல்லியும் மண்டையில் ஏறவில்லையா?" என்று அவர் பலமுறை கடிந்துகொண்டது அவனுக்கு நினைவிருந்ததோ என்னவோ, அவருக்கு நினைவிருந்தது.

கணினியில் எழுதும் தேர்வில் கேள்விகள் 50; தேர்ச்சிபெறச் சரியான விடைகள் 42. தமிழிலும் எழுதலாம் என்றதும் அவர் மகிழ்ந்து தமிழையே தேர்ந்தெடுத்தார். 47 விடைகள் சரியாயின. எழுத்துத் தேர்வு அவருடைய உலகம். வண்டியோ வேறு உலகம்.

பயிற்சித் திடலில் பக்கவாட்டில் நிறுத்துவதும், மூன்று திருப்பங்களில் வண்டியைத் திருப்புவதும் சில நாளில் கைவந்தன. மேடுதான் வரவில்லை. சரிவில் ஏறி, குறித்த கோட்டில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். பிறகு பின்னால் உருளாமல் மீண்டும் புறப்பட வேண்டும். கிளட்சை மெல்ல விடும்போது இயந்திரமும் சக்கரமும் பற்றிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வருமுன் கைப்பிரேக்கை விட்டால் வண்டி பின்னே போகும். அதைத் தாண்டிக் கிளட்சை விட்டால் இயந்திரம் அணைந்துபோகும். ஆசிரியைக்கு இரண்டும் மாறி மாறி நடந்தன. பயிற்றுநர் பொறுமைசாலிதான். ஆயினும் ஆறாம் நாள் அவரும் சலிப்புற்று, இத்தனை முறை சொல்லியும் புரியவில்லையா என்று மலாயில் கேட்டுவிட்டார். மொழி வேறு, வாக்கியம் அதேதான். ஆசிரியை தலை குனிந்துகொண்டார்.

தேர்வு நாளன்று மேட்டில் வண்டி அரைச் சக்கர அளவு பின்னால் உருண்டது. அவ்வளவுதான், மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. அன்று தேர்ச்சிபெற்ற அந்தப் பழைய மாணவன் அருகில் வந்து, "பரவாயில்லை டீச்சர், அடுத்த முறை வந்துவிடும்" என்றான். தாம் அவனிடம் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்பது வீடு வந்து சேரும்வரை அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

இரவு, உண்டு முடித்த பிறகு, கணவர் சாமிமாடத்து ஓரத்திலிருந்து சாவியை எடுத்தார். "வா" என்று மட்டும் சொன்னார்.

வாசற்கதவு பூட்டியிருந்தது. கார் வீட்டு முற்றத்திலேயே நின்றது. அவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்து, தாம் பக்கத்தில் அமர்ந்தார். கைப்பிரேக் இழுத்தபடியே இருக்க, முதல் கியரில் போடச் சொன்னார்.

"கண்ணை மூடிக்கொள். கிளட்சை மெதுவாய் விடு. பார்க்காதே, கேள்."

இயந்திரம் சீராக இரைந்தது. கால் மெல்ல மேலே வர, அந்த இரைச்சல் ஒரு கட்டத்தில் தாழ்ந்து கனத்தது. வண்டியின் மூக்கு இலேசாக நிமிர்ந்தது.

"கேட்டாயா? அதுதான். பளு ஏறினால் எதுவும் முனகும். குலை நிறைந்த லோரியை மேட்டில் நிறுத்தினால் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். முனகினால் பிடித்துக்கொண்டது என்று பொருள். அதற்குப் பிறகு கைப்பிரேக்கை விடலாம். வண்டி உன்னை விட்டுப் போகாது."

அன்றிரவு நாற்பது முறையாவது அந்த ஒலியைக் கேட்டிருப்பார்கள். ஒருமுறைகூடக் கணவர், எத்தனை முறை சொல்வது என்று கேட்கவில்லை. முப்பது ஆண்டுக்காலம் லோரியில் அவர் கற்ற வித்தை அது. ஓட்ட முடியாமற்போன பின்னும் அது அவரிடமே இருந்தது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள் போலும். உள்ளே வரும்போது அவர் முகத்தில் பல மாதங்களாய்க் காணாத தெளிவு இருந்தது.

இரண்டாம் முறை மேட்டில் வண்டி நின்றது, முனகியது, ஏறியது. சாலைத் தேர்வும் நல்லபடியாக முடிந்தது. மலேசியாவில் புதிய ஓட்டுநர்க்கு முதலில் கிடைப்பது 2 ஆண்டுகளுக்கான தகுதிகாண் உரிமம். அக்காலம் முழுவதும் சிவப்பு நிறத்தில் வெள்ளை 'பி' எழுத்து பொறித்த வில்லைகளை வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டியிருத்தல் வேண்டும். கணவரே அவற்றை வாங்கி வந்து, கண்ணாடியைத் துடைத்து, கோணாமல் ஒட்டினார். "இரண்டு வருடம் கழித்து நானே பிய்த்தெடுக்கிறேன்" என்றார். நோயாளி சொன்ன அந்தக் கணக்கை ஆசிரியை மறுமொழியின்றிக் கேட்டுக்கொண்டார்.

முதல் பயணத்தில், பள்ளி முடிந்து தெலுக் இந்தான் போகும் வழியெல்லாம், கணவரின் வலக்கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மையத்தில் அவருக்கு இயந்திரம் ஓடிய 4 மணி நேரமும் ஆசிரியை வெளியே அமர்ந்து கட்டுரை ஏடுகளைத் திருத்தினார். ஒரு பிள்ளை 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் சுழிக்கப்போன கை சற்றுத் தயங்கியது. ஓரத்தில், "நாளை என்னிடம் வா, இரண்டையும் சொல்லிப் பார்ப்போம், முதலில் காதால் கேள்" என்று எழுதினார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. இருபுறமும் செம்பனை, எதிரே லோரிகளின் விளக்கு. பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பி முந்திக்கொண்டு போனார்கள். அவர் வேகத்தைக் கூட்டவில்லை. பாதி வழியில் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். வலக்கால் அசையவில்லை. கணவர் தலையைச் சாய்த்து உறங்கிப்போயிருந்தார்.

2 ஆண்டுகள் கழிந்தன. சொன்னபடி கணவரே நகத்தால் சுரண்டி அந்த வில்லைகளைப் பிய்த்தெடுத்தார். கை தளர்ந்திருந்ததால் அரைமணி நேரம் பிடித்தது. கண்ணாடியில் பசையின் தடம் மட்டும் சதுரமாக எஞ்சியது. சோப்பு நீரால் துடைக்கப்போன மனைவியை அவர் தடுத்துவிட்டார். "இருக்கட்டும், மணியைப் பார். புறப்படலாம்" என்றார்.

அன்று சுத்திகரிப்பு நாள்.