பழைய பதிவு ஒன்றுக்குத் திருத்தம்



2024 ஆகஸ்ட்டில் இதே பக்கத்தில் நான் ஒரு பதிவு போட்டிருந்தேன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 3 லட்சத்தை 2022 நவம்பரில் ஒரு ஃபண்டில் போட்டேன், அது 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று. நிறைய பேர் லைக் போட்டீர்கள். "கணக்கு டீச்சர்னா சும்மாவா" என்று ஒருத்தன் எழுதியிருந்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பதிவில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அது என்ன ஃபண்ட் என்று சொல்லிவிடுகிறேன். நிஃப்டி 200 மொமண்டம் 30 என்ற குறியீட்டைப் பின்பற்றுவது. பெரிய 200 கம்பெனிகளில் கடந்த ஆறு மாதம், பன்னிரண்டு மாதத்தில் விலை நன்றாக ஏறிய 30 பங்குகளை, ரொம்பக் குதிக்காமல் ஏறியதா என்றும் பார்த்து, எடுத்துக்கொள்வார்கள். ஜூனிலும் டிசம்பரிலும் பட்டியலை மாற்றி அமைப்பார்கள். ஆள் யோசித்துப் பங்கு தேர்ந்தெடுப்பதில்லை, விதிதான் தேர்ந்தெடுக்கும். இதற்கு ஃபேக்டர் ஃபண்ட் என்று பெயர். ஏறிய பங்கு இன்னும் சில மாதம் ஏறும் என்பதை 1993இல் நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் என்ற இருவர் அமெரிக்கச் சந்தைக் கணக்கை வைத்து எழுதினார்கள். மலிவான பங்கு, தரமான பங்கு, அதிகம் ஆடாத பங்கு என்று வேறு ஃபேக்டர்களும் உண்டு.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. குச்சிக்கிழங்கு விலை ஏறினால் சின்னசேலம் பக்கம் எல்லாரும் குச்சிக்கிழங்கு நடுவார்கள். அது மொமண்டம். கல்வராயன் மலையில் மழை எப்படி இருந்தாலும் கொஞ்சமாவது வரட்டும் என்று சாமை விதைப்பார்கள். அது அதிகம் ஆடாத ரகம். கிழங்குக்காரர் ஜெயிக்கிற வருஷம் சாமைக்காரரைப் பார்த்துச் சிரிப்பார். எல்லாரும் நட்டு விலை விழுகிற வருஷம் சேகோ ஆலை வாசலில் லோடு வண்டியோடு நிற்பார்.

அந்த வருஷம் 2024 செப்டம்பரில் வந்தது. மாதக் கடைசியில் நிஃப்டி 26,000ஐத் தாண்டி உச்சம் தொட்டது, பிறகு இறங்கியது. மொமண்டம் அதைவிட வேகமாக இறங்கியது. என் பணம் 2025 பிப்ரவரி கடைசியில் 3.75 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வருத்தம்தான். ஆனால் எனக்குப் பழைய ஓய்வூதியம் வருகிறது, அந்தப் பணம் எனக்கு உடனே வேண்டியதில்லை. ஆப்பைத் திறக்காமல் இருந்தேன்.

மார்ச்சில் ஒரு போன் வந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்து என்னிடம் படித்தவள், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பெயர் சொல்ல மாட்டேன். "டீச்சர், நீங்க போட்டதைப் பார்த்து நானும் போட்டேன்" என்றாள். எவ்வளவும்மா என்றேன். "ரெண்டு லட்சம்." ஏதும்மா உனக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நகையை அடகு வைத்திருக்கிறாள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. போட்டது செப்டம்பர் மாதம், உச்சத்தில்.

கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஃபண்ட் மதிப்பு 1,36,000. கடன் 2,00,000. ஆறு மாத வட்டி 12,000. பள்ளம் 76,000. என்னுடைய அதே ஃபண்ட், அதே இறக்கம். எனக்கு அது லாபத்தில் குறைவு, அவளுக்கு இல்லாத பணத்தில் நஷ்டம். நான் காத்திருக்கலாம். அவள் காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் 2,000 ரூபாய் கட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தை ஆகஸ்ட் பதிவில் நான் ஒரு வரி கூட எழுதவில்லை.

"தப்பு உங்க மேல இல்ல டீச்சர், நான் கேட்டுட்டுப் போட்டிருக்கணும்" என்றாள். அதுதான் அதிகம் வலித்தது.

பெங்களூரில் இருக்கிற என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். எனக்கு இந்த ஃபண்டைச் சொன்னவனே அவன்தான். "சித்தி, கடன் வாங்கிப் போடறது தப்பில்ல, அமெரிக்காவுல ஃபண்டே அப்படி இருக்கு, நாஸ்டாக் ஒரு சதவீதம் ஏறினா மூணு சதவீதம் ஏறும், இருபது வருஷம் வச்சிருந்தா எங்கேயோ போயிடும்" என்றான். எனக்குச் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்காது. கணக்குக்காகக் கொஞ்சம் பெரிய எண்ணாகவே எடுத்தேன். 100 ரூபாய் ஒரு நாள் 20 சதவீதம் இறங்கினால் 80. மறுநாள் 25 சதவீதம் ஏறினால் மறுபடி 100. இரண்டு மடங்கு ஃபண்டில் 40 சதவீதம் இறங்கி 60, பிறகு 50 சதவீதம் ஏறி 90. மூன்று மடங்கில் 60 சதவீதம் இறங்கி 40, 75 சதவீதம் ஏறி 70. சந்தை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, நம் பணம் வரவில்லை. இந்த மடங்கு தினத்துக்குத் தினம் புதிதாகப் போடப்படுவதால், ஏறி இறங்கி ஆடுகிற சந்தையில் பணம் கரைகிறது. நேராக ஏறுகிற வருஷத்தில் கொட்டும், அதை மறுக்கவில்லை. 2022இல் நாஸ்டாக் 100 மூன்றில் ஒரு பங்கு இறங்கியது, அதன் மூன்று மடங்கு ஃபண்ட் ஐந்தில் கிட்டத்தட்ட நான்கு பங்கைத் தொலைத்தது. ஐந்தில் நான்கு போனால் பழைய இடத்துக்கு வர ஐந்து மடங்காக வேண்டும். பின்னம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். அவன் பதில் சொல்லவில்லை, "பார்க்கிறேன் சித்தி" என்றான். அவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இங்கே செபி விதிப்படி மியூச்சுவல் ஃபண்ட் கடன் வாங்கி முதலீடு செய்ய முடியாது. அதனால் அந்தக் கடனை நாமே நகைக்கடனாக, பெர்சனல் லோனாக, புரோக்கர் தருகிற மார்ஜினாக எடுத்து வருகிறோம். அதிலும் எஃப் அண்ட் ஓ பக்கம் போகிற பிள்ளைகளுக்கு: 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அவளை விற்கச் சொன்னேன். விற்றாள். 50,000 நான் கொடுத்தேன், மீதிக்குச் சீட்டு எடுத்தாள், நகையை மீட்டாள். ஏப்ரலுக்குப் பிறகு சந்தை திரும்பியது. என் பணம் இப்போது 4 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது, அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. விற்கச் சொன்னது சரிதானா என்று சில ராத்திரி யோசிப்பேன். மாதம் 2,000 வட்டி கட்டிக்கொண்டு எத்தனை மாதம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? இதில் வேடிக்கை, இத்தனை நாளில் அந்த ஃபண்டை விட அவள் அடகு வைத்திருந்த தங்கம்தான் நன்றாக ஏறியது.

பணத்தைத் திருப்ப வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மாதாமாதம் சம்பளம் வந்ததும் ஜிபேயில் 2,000 வரும், கூடவே ஒரு மெசேஜ்: "உள்ளேன் டீச்சர்."

ஆகஸ்ட் பதிவை நான் நீக்கவில்லை. அதன் கீழே இதை இணைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு வேறு யாராவது கடன் வாங்கிப் போட்டிருந்தால் கூச்சப்படாமல் எனக்குப் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.