கரையில் நடந்த வழக்கு

லாரா டெக்கர் என்னும் டச்சுச் சிறுமி பாய்மரப் படகில் தனியே உலகைச் சுற்றிவந்த வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்கும்போதெல்லாம், மாணவியர் முதலில் எழுப்பும் வினா புயலைப் பற்றியதன்று, “அவளுடைய தந்தை எப்படி ஐயா விட்டார்?” என்பதே.

நியாயமான வினாதான். பெற்றோரின் நெடுங்கடற்பயணத்தினிடையே, 1995இல் நியூசிலாந்தின் வாங்கரே துறைமுகத்தில் பிறந்தவள் அவள். 13 வயதிலேயே தனியே படகு செலுத்தி இங்கிலாந்தை அடைந்தாள். அங்குள்ள அதிகாரிகள் தந்தையை வரவழைத்தனர். வந்தவரோ, திரும்பும்போதும் அவளைத் தனியே செல்லவிட்டார்! அவள் உலகைச் சுற்ற முனைந்தபோது, 2009 ஆகஸ்டில் நெதர்லாந்து நீதிமன்றம் குறுக்கிட்டுச் சிறார் பாதுகாப்பு அமைப்புக்கும் அவள்மீது பொறுப்பளித்தது.

இதனைக் கொடுந்தடை என்பார் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. காத்திருந்த அக்காலத்தில் அவள் பெரியதொரு படகைப் பெற்றாள், முதலுதவி கற்றாள், உறக்கக் குறைவைத் தாங்கப் பழகினாள். (இடையே சொல்லாமல் வெளியேறிக் கரீபியத் தீவொன்றில் கண்டுபிடிக்கப்பட்டதை மெச்சுவதற்கில்லை.) 2010 ஜூலையில் நீதிமன்றம் கண்காணிப்பை நீட்டிக்க மறுத்து, முடிவைப் பெற்றோரிடமே விட்டது. பெண்மக்களை வெளியூருக்கு மேற்படிப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருடன் உரையாட நேர்கையில், எனக்கு அந்த ஓராண்டே நினைவுக்கு வரும். ‘போகாதே’ என்பதும் ‘ஆயத்தமாகிப் போ’ என்பதும் ஒன்றல்லவே!

2011 ஜனவரியில் சின்ட் மார்ட்டின் தீவிலிருந்து ‘கப்பி’ என்னும் அவள் படகு புறப்பட்டது. ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ ஏழு வாரம் இந்தியப் பெருங்கடலில் தனிமை. 2012 ஜனவரி 21 அன்று, 16 வயதில், புறப்பட்ட தீவையே வந்தடைந்தாள்.

அதன்பின் படகை நெதர்லாந்துக்குத் திருப்பினாளல்லள். தான் பிறந்த வாங்கரேயை நோக்கிச் செலுத்தினாள்.