ஆயாவுக்கு எத்தனை மார்க்?

ஒரு கடையை விற்கும்போது அதன் நல்ல பெயருக்கும் ஒரு விலை போட்டு விற்கலாம். குட்வில் என்று பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நல்ல பெயருக்கே விலை உண்டென்றால், தினமும் வலிக்கிற முதுகுக்கு?

இந்தக் கேள்வியோடுதான் அந்த மூன்றாம் வருஷ மாணவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லம்பள்ளிக்கு வந்து சேர்ந்தான். உடல்நலத்துக்கு எப்படி மதிப்புப் போடுகிறார்கள் என்பதுதான் ப்ராஜெக்ட். கேள்வி கேட்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டிலேயே ஆயா இருந்தார்.

ஆயாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டார். முழு உடம்போடுதான் திரும்புவார். கழுத்தும் முதுகும் இறுகிப் போய் வருஷக்கணக்காகிறது. காரணம், தண்ணீர். தர்மபுரி மாவட்டத்துப் பாறைகளில் இருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு ரொம்ப அதிகமாக இருந்து, பல வருஷம் அதையே குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். வந்த பிறகு பழையபடி ஆக்க மருந்து கிடையாது. நல்ல தண்ணீர் கொடுத்து வராமல் தடுக்கலாம், அவ்வளவுதான். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோய் இருப்பதை 1937-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆனால் இந்த நோய் பொதுவாக ஆளைக் கொல்வதில்லை. சிக்கலே அங்கேதான். எத்தனை பேர் செத்தார்கள் என்று மட்டும் எண்ணுகிற கணக்குப் புத்தகத்தில் ஆயாவின் முதுகுக்கு நேராக என்ன எழுதுவார்கள்? பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தை மாற்றத்தான் பொருளாதாரக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முழு சுகம் என்றால் 1, சாவு என்றால் 0. நடுவில் ஆயா எங்கே இருக்கிறார்? "நூத்துக்கு எத்தனை மார்க் போடுவ?" என்று கேட்கலாம். ஆனால் மார்க் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாம். ஒன்றைப் பெற எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று கேட்டால்தான் உண்மையான மதிப்பு தெரியும். வேறொன்றுமில்லை, பாடத்தில் படிக்கிற ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்தான்.

இப்படிக் கேட்பதில் இரண்டு முறைகள் பிரபலம். ஒன்று சூதாட்ட முறை. 1944-ல் நியூமனும் மார்கன்ஸ்டர்னும் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. இன்னொன்று காலப் பண்டமாற்று. 1972-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாரன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கொண்டு வந்தது.

முதலில் சூதாட்டம்.

"ஆயா, ஒரு மருந்து இருக்கு. சாப்பிட்டா முதுகு நேராயிடும். ஆனா நூறு பேர் சாப்பிட்டா ஒருத்தர் செத்துடுவாங்க. சாப்பிடுவியா?"

"அந்த ஒருத்தரு நானா இருந்தா என்ன கண்ணு பண்றது?"

அந்த முறை அங்கேயே முடிந்தது. அடுத்தது பண்டமாற்று.

"இப்படியே வலியோட பத்து வருஷம். இல்லன்னா எந்த வலியும் இல்லாம ஒம்பது வருஷம். எது வேணும்?"

"ஒம்பது."

"எட்டு வருஷம்னா?"

"எட்டும் போதும்."

"ஏழு?"

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. அதுக்குக் கீழ வேண்டாம்."

பத்தில் ஏழு. நோட்டில் 0.7 என்று எழுதினான். வலியோடு பத்து வருஷம் என்பது சுகமான ஏழு வருஷத்துக்குச் சமம். மீதி மூன்று வருஷத்தைத் தண்ணீர் தின்றுவிட்டது என்று அர்த்தம். பூஜ்யம் எழுதியிருந்த இடத்தில் இப்போது ஒரு எண் இருக்கிறது.

"ஏன் ஆயா ஏழோட நிறுத்திட்ட?"

"பாப்பா அஞ்சாவது படிக்குது. பன்னண்டாவது முடிக்க ஏழு வருஷம் ஆகுமில்ல."

அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முதுகுக்குப் போட்ட மதிப்பு என்று நினைத்தது, சித்தப்பா மகளின் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போட்ட மதிப்பு! பாப்பா ஏழாவது படித்திருந்தால் விடை 0.5 ஆகியிருக்குமோ என்னவோ.

அடுத்து ஈக்யூ-5டி. 1987-ல் கூடிய யூரோகால் குழு உருவாக்கிய கேள்வித்தாள் இது. நடை, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்தே ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள், மொத்தம் 3,125 விதமான உடல்நிலைகள். வழக்கமான வேலையில் கஷ்டம் உண்டா என்றதற்கு, "இல்லையே, எல்லாம் செய்யறேனே" என்றார் ஆயா. காட்டு வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. இன்றைக்கு அவருடைய வேலை என்பது திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுப்பது. அதில் கஷ்டமில்லைதான். முதுகு வளைய வளைய வாழ்க்கையையும் சுருக்கிக்கொண்டுவிட்டார்.

இப்படிப் பழகிப் போவது தெரிந்த விஷயம்தான். அதனால் நோயாளியிடம் நிலையை மட்டும் கேட்டுக்கொண்டு, அந்த நிலைக்கான மதிப்பைப் பொதுமக்களிடம் கேட்டு வாங்குகிறார்கள். இந்தியாவுக்கான மதிப்புப் பட்டியல் 2022-ல்தான் வெளிவந்தது. ஐந்து மாநிலங்களில் 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுத் தயாரித்தது. அதில் சில நிலைகளுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே மதிப்பு. அப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள்.

ஐந்து கேள்விகளுக்கும் அவனே பதில் சொல்லிப் பார்த்தான். எல்லாவற்றிலும் பிரச்சினை இல்லை, முழுசாக 1. ஆனால் அவன் பல்லைக் காட்டிச் சிரித்த ஃபோட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. காவிரித் தண்ணீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டு வர, ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் போட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013 மே மாதம். அப்போது அவனுக்குப் பத்து வயது. பல்லில் கறை ஏறி முடிந்திருந்தது. பாப்பா அதற்குப் பிறகு பிறந்தவள். வாய் நிறையச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு ஐந்து கேள்விகளில் எங்கேயும் இடமில்லை.

அப்படியென்றால் இந்தக் கணக்கெல்லாம் வீணா? இல்லை. 0.7 தப்பாக இருக்கலாம், ஆனால் பூஜ்யம் அதைவிடப் பெரிய தப்பு. வலிக்கு ஒரு எண் இருந்தால்தான், ஒரு குழாய்த் திட்டத்தையும் ஒரு இருதய ஆபரேஷனையும் ஒரே தராசில் வைத்துப் பேச முடியும். எண்ணில்லாத வலி பட்ஜெட்டில் ஏறாது. ஆனால் அந்த எண்ணை எழுதுகிறவர், "ஏன் ஏழு?" என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

அவன் நோட்டை மூடி வைத்தான். ஆயா உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு எத்தனை மார்க் கண்ணு?"

"நூத்துக்கு எழுபது ஆயா."

"பாஸ்தானே?"

என்ன பதில் சொல்வது? வாயை மூடிக்கொண்டு சிரித்தான். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?