கூரைக்குள் ஒரு கூரை

கூரை போட்டுவிட்டால் வீடு முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். சித்திரை மாதத்து நண்பகலில் தகரம் வேய்ந்த வீட்டினுள் அரைமணி நேரம் அமர்ந்து பார்த்தவருக்கோ, அவ்வீடு இன்னும் முடியவில்லை என்பது நன்கு விளங்கும்.

கெடிலக் கரையில் திருவந்திபுரத்தைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் முன்னர் கீற்று வீடுகளே மிகுதி. 2011 டிசம்பர் 30 அன்று காலை, கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்த தானே புயல், முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததோடு கூரைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அரசு கட்டித் தந்த கான்கிரீட் வீடு கிட்டாதோர் பலர் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டுக்கொண்டனர். கீற்றுப் போல் அது தீப்பற்றாது; அடிக்கடி மாற்றவும் வேண்டாம். ஆனால் கீற்றோடு இரண்டு நன்மைகளும் போயின. ஒன்று, குளிர்ச்சி. மற்றொன்று, கூரை வேயும் நாளில் கீற்று எடுத்துக் கொடுக்க வந்து நின்ற அண்டை வீட்டார்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவில் 1994-க்குப் பின் ஏழைகளுக்கென அரசு கட்டிய சிறு வீடுகளுள் பல, உட்கூரை இன்றியே ஒப்படைக்கப்பட்டன. கேப் டவுன் நகரின் குளிர்காலத்தில், உள்ளிருப்போரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த ஷீட்டில் பட்டு நீராகிப் படுக்கையில் சொட்டும். அந்நகரைச் சேர்ந்த குயாசா என்னும் குடியிருப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பின்னர் உட்கூரை அமைத்தார்கள். அவ்வூர் இளைஞரே அத்தொழிலைக் கற்று அதனைச் செய்தனர். அங்கே குளிருக்கு அரணாவது இங்கே வெயிலுக்கு அரணாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் எண்மர் இவ்வாறொரு பணியில் இறங்கினர். கணவரை இழந்த ஒரு தாயின் வீடு அது. பக்கவாதத்தால் படுத்துவிட்ட மாமியார், பகல் முழுதும் அத்தகரத்தின் கீழேயே கிடந்தார். எனினும் அத்தாய் முதலில் இசையவில்லை. “இனாமா யாரும் எங்களுக்குச் செய்ய வேண்டாம் சாமி. நாளைக்கு ஊரு ஒரு பேச்சுப் பேசும்” என்றார். உடன் வந்திருந்த தச்சர், “இனாம் இல்லம்மா. ஆள் பத்தல. தட்டியை ஒரு பக்கம் நீங்கதான் பிடிக்கணும்” என்றார். அவர் உண்மையையே சொன்னார். தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க இருவர், ஆணியடிக்க ஒருவர், கீழிருந்து எடுத்துத் தர ஒருவர் வேண்டும்; தனியொருவரால் உட்கூரை போட இயலாது.

சுவருக்குச் சுவர் ரீப்பர் கட்டைகளைப் பொருத்தி, தகரத்துக்கு ஒரு முழம் கீழே மூங்கில் தட்டிகளை வைத்து அடித்தார்கள். இடையே காற்று ஓட இருபுறமும் வழி விட்டார்கள். அடுப்பு மூலையையும் மின்கம்பியையும் தீக்கு அஞ்சி விலக்கினார்கள். மாலையில் கை வைத்துப் பார்த்தோம்: தகரம் சுட்டது, தட்டி சுடவில்லை. அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் வேலை நடந்தபோது, அந்தத் தாயும் தட்டி பிடிக்க வந்து நின்றார். ஊர் பேசும் என்று அஞ்சியவரை ஊர் இப்போது உதவிக்கு அழைத்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய சிமெண்ட் ஷீட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். அவற்றை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அத்தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. கட்டைகளைச் சுவரில் பொருத்துவதே தக்கது.

2024 அக்டோபரில் நம் மாநில அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. புயலுக்குப் பின் ஓடி வந்து உதவும் நாம், ஓசையின்றி ஆண்டுதோறும் வரும் இப்பேரிடருக்கு முன்னரே செல்லலாகாதா? பங்குனி பிறக்குமுன் நம் தெருவில் தகரம் போட்ட வீடுகள் எத்தனை, அவற்றில் பகலில் படுத்திருப்போர் யார் என்று பார்ப்போம். பணம் தருவோர் தரட்டும். ஆனால் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வோம். கீற்றோடு போன குளிர்ச்சி மட்டுமன்று, கீற்றோடு போன அண்டை வீட்டாரும் அப்போது திரும்பி வருவர்.