கடலுக்குள் ஒரு மேய்ச்சல் நிலம்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னைகள் சாய்ந்தன. கரையில் படகுகள் உடைந்தன. அந்த நாள்களில் பழக்கமானவர், மணமேல்குடி பக்கத்து மீனவ நண்பர். “ஒருநாள் வாங்கண்ணே, எங்க வயலைக் காட்டுறேன்” என்பார். சம்பா அறுவடை முடிந்து, மாசியில் விவசாயிகள் மூன்று பேர் போனோம்.

விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். பாயை விரித்ததும் வல்லம் சத்தமில்லாமல் கிளம்பியது. ஆழம் குறைந்த ஓரிடத்தில் பாயைச் சுருட்டி, “கீழே பாருங்கண்ணே” என்றார். தண்ணீருக்கடியில் நாற்றங்கால் போலப் பச்சை. கடற்புல்! பாசி அல்ல, வேர், பூ, விதை எல்லாம் உள்ள பயிர். இறால், நண்டு, ஓரா மீன் குஞ்சுகள் வளர்வது அதில்தான். அதை மேயும் கடல்பசுவுக்காகத்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு.

மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து திரும்ப, அதே பாயில் கரை சேர்ந்தோம். சாயங்காலம் மணலில் உட்கார்ந்து சாப்பாடு. ஓரா மீன் குழம்பு அவர் வீட்டில் வைத்தது. அரிசி எங்கள் வயலில் விளைந்தது.

“வெள்ளாறு கலங்கி வந்தா புல்லுக்கு வெயில் கிடைக்காதுண்ணே. புல் போனா மீனும் போச்சு” என்றார்.

கரைந்து ஓடும் உரத்தாலும் கடலில் பாசி பெருகிப் புல்லை மூடும். மண்ணும் உரமும் வயலை விட்டுப் போனால் நமக்கும்தானே நஷ்டம்? மேகம் திரண்டிருந்தால் யூரியா போடுவதைத் தள்ளிவைப்போம். வரப்பை உயர்த்துவோம். வடிகால் ஓரம் வெட்டிவேர் நடுவோம்.