அபர்தீன் கடைவீதிக்குப் போகிறவர்களுக்கு

அந்தமானின் கராச்சர்மாவில் குடியேறியுள்ள உறவினரைக் காணச் சென்றால், அருகிலுள்ள அபர்தீன் பஜாருக்கும் ஒரு மாலை போய்வாருங்கள். 2024 வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் நடுவீதி அது. மணிக்கூண்டைச் சுற்றித் துணிக்கடைகளும் உணவகங்களும் விளக்கொளியில் நிறைந்திருக்கும். இந்திக்கும் வங்காளத்துக்கும் இடையே நம் தமிழும் காதில் விழும்.

விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். பெரும்பாலான சரக்குகள் கடல் கடந்தே வருகின்றன. சென்னையே 1,300 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு. சிப்பிப் பொருள்கள் வாங்கினால் ரசீது கேட்டுப் பெறுங்கள். பவளத் துண்டுகளை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன.

இந்த அபர்தீனில்தான் 1859 மே மாதத்தில் அந்தமானின் பூர்வகுடிகள் தங்கள் நிலத்துக்காக வில்லும் அம்பும் ஏந்தி ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்றனர். அருகிலேயே 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட செல்லுலார் சிறை உள்ளது. அதன் 7 பிரிவுகளில் 3 மட்டுமே எஞ்சியுள்ளன. கடைகளுக்கு முன்பாகப் பிள்ளைகளைப் பகலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒருவரை மட்டும் அடைத்துவைத்த அந்தச் சிற்றறையைப் பார்த்த பிள்ளைக்கு, வீதியில் தடையின்றி நடப்பதன் அருமையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.