மெஷினுக்கு வாத்தியார் யாரு?

எந்த காலேஜ் கேன்டீன்லயும் போய் 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்ன?'ன்னு கேட்டுப் பாருங்க. டீ ஆறுறதுக்குள்ள பதில் வந்துடும்... 'மெஷின் லேர்னிங்!' சரி பாஸ், அந்த மெஷின் எதை, எப்படிக் கத்துக்குதுன்னு அடுத்த கேள்வி போட்டா, பாதிப் பேர் சமோசாவைக் கவனிக்க ஆரம்பிச்சுடறாங்க. எனக்கு அந்த அடுத்த கேள்விதான் பிடிக்கும். வாங்க, பார்த்துடலாம்.

சாதாரண புரோகிராம்ல விதியை நாம எழுதித் தருவோம். இங்கே உதாரணங்களைத்தான் தருவோம். விதியை மெஷினே தேடிக்கணும். ஐ.பி.எம்.மில் இருந்த ஆர்தர் சாமுவேல், செக்கர்ஸ் ஆட்டத்தை கம்ப்யூட்டருக்கு இப்படித்தான் பழக்கினார். 1959-ல் வந்த அவருடைய கட்டுரைத் தலைப்பிலேயே 'மெஷின் லேர்னிங்' இருக்கு.

கத்துக்கறதுல முக்கியமா மூணு ரூட். முதல் ரெண்டையும் புரிஞ்சுக்க, ரொனால்டு ஃபிஷர் 1936-ல் தன் கட்டுரையில் பயன்படுத்தின ஐரிஸ் பூக்களே போதும். 3 வகை, வகைக்கு 50, ஆக மொத்தம் 150 பூக்கள். ஒவ்வொண்ணுக்கும் புல்லி இதழ், அல்லி இதழோட நீளம், அகலம்னு நாலு அளவு.

பூவோட அளவையும் பெயரையும் சேர்த்தே கொடுத்தா, அது 'சூப்பர்வைஸ்டு லேர்னிங்'. வாத்தியார் பக்கத்துலயே இருக்கார்னு அர்த்தம். 120 பூக்களைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துட்டு, மீதி 30-ஐ ஒளிச்சு வெச்சு டெஸ்ட் நடத்தணும். ஏன் ஒளிக்கணும்? மாடல் கொஸ்டின் பேப்பரையே பரீட்சையில் கொடுத்தா, உருப்போட்டவன்கூட சென்டம் வாங்கிடுவானே! இந்த உருப்போடற வியாதிக்குப் பெயர்தான் 'ஓவர்ஃபிட்டிங்'.

இப்போ பெயர்களை அழிச்சுட்டு அளவுகளை மட்டும் கொடுங்க. யார் யாரோட சேருவாங்கன்னு மெஷினே கூட்டம் பிரிக்கும். இது 'அன்சூப்பர்வைஸ்டு'. செட்டோசா வகை 'நான் தனி'ன்னு அழகா ஒதுங்கிடும். ஆனா வெர்சிகலரும் வெர்ஜினிகாவும் எல்லையில ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். வாத்தியார் இல்லாத கிளாஸ்... அப்படித்தான் இருக்கும்!

மூணாவது 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்'. உதாரணமும் கிடையாது, விடையும் கிடையாது. ஆடு, ஜெயிச்சா பாயின்ட், தோத்தா பாடம். 2016-ல் ஆல்ஃபாகோ, 'கோ' ஆட்டத்துல தென்கொரியாவின் லீ செடோலை 4-1ன்னு வீழ்த்துச்சு. அடுத்த வருஷம் வந்த ஆல்ஃபாகோ ஜீரோ, விதிகளை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு, மூணே நாள் தன்னோடயே ஆடிப் பழகி, லீயை ஜெயிச்ச அண்ணனை 100-0ன்னு கவுத்துடுச்சு.

'சூப்பர்ல?'ன்னு கைதட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். கோ ஆட்டத்துல யார் ஜெயிச்சாங்கங்கிறதுல சண்டையே கிடையாது. ஆனா 'யார் வேலைக்குத் தகுதி?'ங்கிற கேள்விக்கு விடை எழுதி வெச்சது யாரு?

2018 அக்டோபர்ல ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டுச்சு. ரெஸ்யூம்களுக்கு ஸ்டார் போட அமேசான் ஒரு மெஷினைப் பழக்கிப் பார்த்திருக்கு. பாடப்புத்தகம், பத்து வருஷமா வந்த ரெஸ்யூம்கள். அதுல பெரும்பாலும் ஆண்கள். விளைவு? ரெஸ்யூம்ல 'விமன்ஸ்'ங்கிற வார்த்தை வந்தாலே மதிப்பைக் குறைச்சுது. ரெண்டு மகளிர் கல்லூரிகள்ல படிச்சவங்களையும் கீழே தள்ளுச்சு. கடைசியில அந்தத் திட்டத்தையே கைவிட்டாங்க. அதை வெச்சு யாரையும் எடை போடலைன்னு கம்பெனி சொன்னது. ஆனா யோசிச்சுப் பாருங்க... 'பெண்களை ஒதுக்கு'ன்னு யாருமே கோட் எழுதலை. பழைய பழக்கத்தை மெஷின் சமர்த்தா கத்துக்கிச்சு, அவ்வளவுதான்.

நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூம் அனுப்பப்போறவங்க நீங்க. அதே இன்டர்வியூ முடிஞ்சு, இப்படி ஒரு மெஷினை உருவாக்கற ஸீட்ல உட்காரப்போறவங்களும் நீங்கதான். அதனால, வைவாவுல '98 சதவிகிதம் அக்யூரஸி சார்'னு காலரைத் தூக்கறதுக்கு முன்னாடி, உங்களை நீங்களே மூணு கேள்வி கேட்டுக்கோங்க. இந்த டேட்டா எங்கிருந்து வந்தது? சரி, தப்புன்னு முத்திரை குத்தினது யாரு? இதுல இல்லாமப் போனவங்க யாரு?

அல்காரிதத்தோட பெயரை அப்புறம் சொல்லலாம். கூகுள்லயே கிடைக்கும்!